தெரிந்தவரைத் தெரியும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள் தன் காலுக்கு மட்டும் ஒன்றும் போட மாட்டாள் என்று அத்தான் போன கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார். நீ அதை அடித்திருந்தாய். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டேன்.

முதலில் பெரிய செய்தி. பல் டாக்டரும் நானும் ஜூன் மாதம் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு பக்கத்துக் கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு "ஆளு பரவாயில்ல, கொஞ்சம் முழிக்கிறாரு" என்று நீ எழுதியதை அவரிடம் காட்டினேன். அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று முழிக்காமல் இருக்கப் பழகுகிறார்.

அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் எனக்கென்று வந்து நிற்க நீயும் அண்ணனும்தான் இருக்கிறீர்கள். அண்ணன் வராமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். "சுண்டெலி, உன்னக் கட்டிக்கப் போறவனைக் கூப்பிட்டு முதல்ல நான் எச்சரிக்கை பண்ணணும், அப்புறந்தான் கல்யாணம்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான். அவனுக்கான கடிதத்தை வழக்கம்போல இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அனுப்பிவிட்டு, அவன் என்ன சொன்னான் என்று எழுது.

என் வேலை என்னவென்றே புரியவில்லை என்கிறாய். சொல்கிறேன். எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக் கணினிகள் வேறு ஊர்களில் உள்ள கணினிகளோடு கம்பி வழியாகப் பேசும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண் யாருக்கு நினைவிருக்கும்? அதனால் பெயரும் வைத்திருக்கிறோம். எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதை ஒரே ஓர் அலுவலகம் பட்டியலாக வைத்திருக்கிறது. யார் புதிதாகக் கணினி வாங்கினாலும், இருப்பதை இடம் மாற்றினாலும் அங்கேதான் சொல்ல வேண்டும். மற்ற எல்லோரும் அந்தப் பட்டியலை நகலெடுத்துக்கொள்வோம். எங்கள் நிலையத்துக்கு நகல் எடுக்கிறவள் நான்.

முன்பு பட்டியல் சின்னதாக இருந்தது. இப்போது வரவழைப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. எல்லோரும் அந்த ஓர் அலுவலகத்தையே பிடித்து இழுப்பதால் அவர்களுக்கும் மூச்சு முட்டுகிறது. வந்து சேருகிற அன்றே பட்டியலில் பாதி பழசு. எங்கள் இயக்குநருக்கு மட்டும் இதில் ஒரு குறையும் தெரியவில்லை. "எல்லாம் ஒரே இடத்துல இருந்தாத்தாம்மா ஒழுங்கு" என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

உன்
குட்டி


ஜனவரி 27

என் அன்புக் குட்டிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். அழுதேனா என்று கேட்காதே. இருமல் மருந்து வாங்க வந்தவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, காசை நாளைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தான் அன்று மட்டும் என்னோடு சண்டை போடவில்லை. நீ இனிப்புக்குச் சாகிறவள். போயும் போயும் பல் டாக்டரையா பிடித்தாய்?

கூடத்தில் யார் சமைக்கிறார்கள், எத்தனை பேருக்கு, நீ என்ன உடுத்தப் போகிறாய், ஒன்றும் எழுதவில்லை. கணினியைப் பற்றி மட்டும் ஒரு பக்கம். சேலையை நான் எடுத்துக்கொண்டு வருவேன். நீ வாங்கித் தொலைக்காதே. உனக்கு நிறம் பார்க்கத் தெரியாது.

அண்ணனிடம் சொன்னேன். மிகவும் சந்தோஷப்பட்டான். அச்சகத்தில் பாடப்புத்தக வேலை தலைக்கு மேல் இருக்கிறதாம், ஜூனில் லீவு கிடைக்காதாம். வர முடியாது போலிருக்கிறது. உன்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நானும் அத்தானும் வருகிறோம்.

உன் இயக்குநர் சொல்வது சரிதான். என்னை அவரோடு சேர்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அம்மா போன அன்று என்ன நடந்தது என்று உனக்கு மறந்திருக்கும், சின்னவள். சித்தி ஒன்று சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொன்னார், ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவன் வேறு ஒன்று சொன்னான். "அவசரம் இல்ல, நாளைக்கு வந்தாப் போதும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அண்ணன் மறுநாள் வந்தான். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. தெருமுனையில் பையோடு நின்றானே, அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றைக்குத்தான் சொன்னேன், இந்த வீட்டில் இனி எதுவானாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கள், நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன் என்று. அதற்குப் பிறகு யாராவது எதற்காவது தப்பான நாளில் வந்திருக்கிறீர்களா?

வேளைக்குச் சாப்பிடு.

உன்
அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

சேலை நீயே எடு. சமையலுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது.

போன வாரம் எங்கள் நிலையத்தில் ஒரு கூத்து நடந்தது. வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று தன் கணினியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் புது எண்ணோடு வைத்திருக்கிறது. பட்டியல் அலுவலகத்துக்குச் சொல்லியும் இருக்கிறார்கள். அங்கே வேலை குவிந்து, ஏற்றுவதற்குத் தாமதம். எங்கள் ஆராய்ச்சியாளர் ஒருவர் பழைய எண்ணுக்கே செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை. அவரோ, அந்த ஊர் நண்பர் தன்னை மதிக்கவில்லை என்று நினைத்து மனம் நொந்துபோனார். கேண்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வார்த்தை பதில் போட்டா என்ன குறைஞ்சா போயிடுவான்?" என்றார். நண்பர்மேல் தப்பே இல்லை. தப்பு பட்டியல்மேல்.

அதனால் ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. எங்கள் நிலையம் அதில் சேர வேண்டும் என்று இயக்குநருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில். அதன்படி முழுப் பட்டியல் யாரிடமும் இருக்காது. உச்சியில் இருப்பவருக்கு எந்தக் கணினியின் எண்ணும் தெரியாது. கல்வி நிலையங்களின் கிளைக்கு யார் பொறுப்பு, வணிக நிறுவனங்களின் கிளைக்கு யார் பொறுப்பு என்று மட்டும் தெரியும். அவரைக் கேட்டால் "எனக்குத் தெரியாது, ஆனா இவரைக் கேளு" என்பார். அந்த இவர், "எனக்கும் தெரியாது, அந்தப் பல்கலைக்கழகத்தையே கேளு" என்பார். கடைசியில் அந்தக் கணினியை வைத்திருக்கிற இடமே தன் எண்ணைச் சொல்லும். இடம் மாறினால் அவர்கள் தங்கள் வீட்டில் திருத்திக்கொண்டால் போதும், ஊரெல்லாம் தெரிவிக்க வேண்டியதில்லை. ஒரே பெயர் எனக்கா உனக்கா என்ற சண்டையும் இல்லை. இரண்டு வீட்டில் இரண்டு குட்டி இருக்கலாம், எந்த வீட்டுக் குட்டி என்று சொன்னால் சரி.

இப்போது வேறு விஷயம். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அண்ணன் என்றைக்கு என்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்? "சுண்டெலி, நீ அடுப்புப் பக்கம் போகாதே, வீடு தங்காது" என்றுதான் சொல்வான். நீ எழுதிய பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாக அவன் சொன்னதாக வந்திருப்பதெல்லாம் ஒரே வாக்கியம். ஒரு கிண்டல் கூட இல்லை. கல்யாணத்துக்கு லீவு இல்லையாம். மெஷின் தீப்பிடித்து எரிந்தாலும் அதை விட்டுவிட்டு வருகிற ஆள் அவன்.

அவனுடைய முகவரியை எனக்குக் கொடு. நான் நேராக எழுதிக்கொள்கிறேன். பழைய வீட்டை மாற்றிவிட்டான் என்று நீ எப்போதோ எழுதியதோடு சரி. உன்னை மீறுவதாக நினைக்காதே.

உன்
குட்டி


மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

உன்னை மீறுவதாக நினைக்காதே என்று எழுதிவிட்டால் மீறவில்லை என்று ஆகிவிடுமா?

அவன் வீடு மாற்றிக்கொண்டிருக்கிறான். நிலையாக ஓர் இடத்தில் உட்காரட்டும், பிறகு முகவரி தருகிறேன். மனுஷனுக்கு வயது ஏறினால் கிண்டல் குறையும். எல்லோரும் உன்னைப் போல வேலை நேரத்தில் டீயை வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. மெஷின் சத்தத்தில் நாள் முழுக்க நிற்கிறவன் அவன்.

உன் புது ஏற்பாட்டை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். அவர் எதைத்தான் நன்றாக இல்லை என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. உச்சியில் இருப்பவளுக்கு ஒன்றும் தெரியாது என்றால் அவள் எதற்கு உச்சியில் இருக்கிறாள்? வருகிறவனுக்கெல்லாம் வழி காட்ட வாசலில் ஒரு காவலாளி போதுமே. ஒவ்வொருவனும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளலாம் என்றால், அவன் பொய் சொன்னால் என்ன செய்வாய்? தன் வீட்டுக் கணக்கையே சரியாக வைக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர். நடுவில் ஒருத்தி இருந்தால், எதை இப்போது சொல்ல வேண்டும், எதைப் பொறுத்துச் சொல்ல வேண்டும் என்று பார்த்துச் சொல்வாள். யாருக்கும் மனம் நோகாது. உன் மெஷினுக்கு மனம் இல்லை, அதனால் உனக்கு அது புரியவில்லை.

நான் உங்கள் இருவரையும் வளர்த்தேன். கணக்கு எழுதவில்லை. ஆனால் கேள்வி கேட்கிற இடத்தில் என்னை நிறுத்துவாய் என்று நினைக்கவில்லை.

பச்சைக் கரை போட்ட சேலை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அண்ணன் வேலை செய்கிற அச்சகத்தின் பெயர் எனக்கு நினைவிருந்தது. அவன் கொண்டுவந்து கொடுக்கிற நோட்டுகளின் பின் அட்டையில் இருக்குமே. அந்த முதலாளிக்கு எழுதினேன். அவரிடமிருந்து தபால் அட்டை வந்திருக்கிறது. அண்ணன் அங்கிருந்து விலகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். எங்கே போனான் என்று சொல்லவில்லையாம்.

ஜனவரியில் நீ அவனிடம் சொன்னேன் என்று எழுதினாய். பாடப்புத்தக வேலை என்று எழுதினாய். எந்த அச்சகத்தில் அக்கா?

உன் கடையில் நீ எப்படி இருப்பாய் என்று நான் பார்த்திருக்கிறேன். மாதத்தில் ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு மாத்திரை அட்டையாகத் திருப்பி, காலாவதி ஆனதையெல்லாம் தனியாக எடுத்து வைப்பாய். "நேத்து வரைக்கும் மருந்து, இன்னைக்கு இது என்னன்னு எனக்குத் தெரியாது, தெரியாததை யார் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்பாய். அந்த நீயா ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய அண்ணனை எடுத்து எடுத்து எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய்?

எங்கள் புது ஏற்பாட்டிலும் அது உண்டு. ஒரு பதிலைக் கேட்டு வாங்கினால் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்க வேண்டாம். ஆனால் அந்தப் பதிலோடு, இது எவ்வளவு காலம் செல்லும் என்பதும் சேர்ந்தே வரும். காலம் முடிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேட்க வேண்டும். இயக்குநருக்கு அந்த இடம் பிடித்திருந்தது. நீ கேட்ட அதே கேள்வியை அவரும் கேட்டார், உச்சியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாவிட்டால் எப்படி என்று. எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவர் படுத்துக்கொள்கிற அன்று எல்லோரும் குருடாகிவிடுவோம் சார் என்றேன்.

உன்னிடம் இனிமேல் கேட்கப் போவதில்லை. அச்சக முதலாளி அட்டையில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறார். அவருக்குக் காகிதம் கொண்டுவருகிற ஏஜெண்ட் பல ஊர் அச்சகங்களுக்குப் போகிறவராம், அவரைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். கேட்கப் போகிறேன்.

குட்டி


ஏப்ரல் 24

குட்டிக்கு,

கேட்காதே. அக்கா சொல்கிறேன், விட்டுவிடு.

அவன் கோபித்துக்கொண்டு போனான். அது உண்மை. உன்னிடம் மறைத்தது உண்மை. பாடப்புத்தகம், லீவு எல்லாம் நானாகச் சொன்னவை. அவன் எப்போதும் கோபித்துக்கொண்டு போவான், ஒரு வாரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து கடைப் படியில் உட்காருவான். அப்படி வந்துவிடுவான் என்று இருந்தேன். வந்த பிறகு உனக்குச் சொல்லலாம், இல்லாவிட்டால் அங்கே தனியாக இருக்கிறவள் என்ன நினைத்துத் தவிப்பாளோ என்று இருந்தேன். ஒரு கடிதத்தில் நன்றாக இருக்கிறான் என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் வேறு எதை எழுதுவது? அப்படியே போய்விட்டது.

ஊர் பேர் தெரியாத ஆளுக்கெல்லாம் கடிதம் எழுதி நம் வீட்டு விஷயத்தைச் சந்திக்குக் கொண்டுவராதே. கல்யாணம் முடியட்டும். நானே தேடிப் பிடித்துக் கூட்டி வருகிறேன்.

சித்தி நேற்றுக் கடைக்கு வந்து, உன் தம்பி எப்படி இருக்கான் என்றாள். நன்றாக இருக்கிறான் என்றேன். சொன்ன பிறகு கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

அண்ணன் கிடைத்துவிட்டான்.

காகித ஏஜெண்டுக்கு எழுதினேன். அவருக்கு அண்ணனைத் தெரியவில்லை. ஆனால் அச்சு மெஷின்களைப் பழுது பார்க்கிற கம்பெனிக்காரருக்கு, எந்த ஊரில் எந்த மெஷினை யார் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்திருக்கும் என்று முகவரி கொடுத்தார். கம்பெனிக்காரர், எந்த வட்டாரத்துக்கு எந்த மெக்கானிக் என்று எனக்குத் தெரியும், அதற்கு மேல் அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று மூன்று பேருடைய விலாசம் அனுப்பினார். இருவர் தெரியாது என்றார்கள். மூன்றாவது ஆள், மலையடிவாரத்தில் ஓர் அச்சகத்தில் மெஷினைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார், கடிதத்தை என்னிடம் அனுப்புங்கள், கையில் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதினார். ஒருவருக்கும் முழுசாக ஒன்றும் தெரியாது அக்கா. தனக்கு அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம் வீட்டு விஷயம் சந்திக்கெல்லாம் வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் பதில் போட்டுவிட்டான். "சுண்டெலிக்கு" என்று ஆரம்பித்திருக்கிறான். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு அலுவலகக் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அவன் எழுதியதில் கொஞ்சத்தை அப்படியே எழுதுகிறேன். எழுதட்டுமா என்று அவனைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

"நான் கட்டிக்க நினைச்சவளுக்கு என்னைவிட மூணு வயசு அதிகம். முதல் கல்யாணத்தில் ஒரு பொண்ணு இருக்கு. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. சரி, அது அவள் இஷ்டம். குட்டியைக் கேட்டுச் சொல்லு, அவள் சரி என்றால் எனக்குப் போதும் என்றேன். கேட்டுவிட்டேன், அவளுக்கும் இஷ்டமில்லை, இந்த வீட்டு மானம் போகும் என்கிறாள் என்று அக்கா சொன்னாள். அக்கா சொன்ன பிறகு வேறு யாரையும் கேட்க வேண்டாம் என்பதுதானே நம் வீட்டு வழக்கம். அதனால் நான் உன்னைக் கேட்கவில்லை. கிளம்பிவிட்டேன்."

நீ என்னைக் கேட்கவே இல்லை. அப்படி ஒரு பெண் இருப்பதே எனக்குத் தெரியாது. மானம் என்ற சொல்லை நான் வாழ்க்கையில் எழுதியதுகூட இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே ரயில் ஏறி வந்து அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். ஒன்றரை வருஷமாக அவன், தன் செல்லத் தங்கையே தன்னைத் தள்ளிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு மெஷின் முன்னால் நின்றிருக்கிறான். நான், கிண்டல் செய்யக்கூட மறந்துவிட்டான் என்று அவன்மேல் கோபமாக இருந்திருக்கிறேன்.

நீ செய்தியைத் தாமதமாகச் சொன்னதையும், பழசைச் சொன்னதையும் நான் பொறுத்துக்கொள்வேன். என் பெயரில் நீ பதில் சொன்னாய். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு பெயருக்குரியவர் யாரோ அவர்தான் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லலாம். நடுவில் இருப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவரைக் கேள் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மெஷினுக்கு மனம் இல்லை என்றாய். மனம் இல்லாததற்கே இந்த மரியாதை கொடுக்கிறோம்.

ஜூன் பதினேழாம் தேதி கல்யாணம். அண்ணன், அண்ணி, அந்தக் குழந்தை மூவரும் வருகிறார்கள். நீயும் அத்தானும் வர வேண்டும் என்று கேட்கிறேன். வருவதும் வராததும் நீ சொல்ல வேண்டியது.

குட்டி


ஜூன் 8

குட்டிக்கு,

நான் வரவில்லை. அத்தானும் வரவில்லை என்றுதான் எழுத வந்தேன். பிறகு அவரைக் கேட்டேன். அவர் வருகிறார். சேலையை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் நாளில் நீ என் முகத்தையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உனக்குச் சடை பின்னியவள் நான், உனக்கு எது பிடிக்கும், எதற்கு முகம் சுளிப்பாய் என்று தெரியாதா என்று நினைத்தேன். அன்றைக்கு அவன் கடையில் நின்று பிடிவாதமாகப் பேசினான். என் பேச்சு எடுபடவில்லை. உன் பேச்சென்றால் கேட்பான் என்று தோன்றியது. என் பேச்சையே உன் பேச்சாக்கிவிட்டேன். அவன் படியிறங்கினான். சைக்கிளைக்கூட எடுக்காமல் நடந்து போனான்.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். "நீங்க அவரோட அக்கா தானே, உங்களுக்கே தெரியாதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அந்தக் கேள்வியை மறுபடி யாரிடமும் கேட்டு வாங்கிக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீ நாலு பேரிடம் தெரியாது தெரியாது என்று கேட்டுக்கொண்டே போனாய். எனக்குத் தெரியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். இத்தனை வயதில் அந்த ஒரு வரி என் கைக்கு வரவில்லை.

நீ அவனுக்கு எழுதி என் உறைக்குள் வைத்தவை எல்லாம் கடையில், மேல் தட்டில் இருந்தன. ஒன்றையும் பிரிக்கவில்லை. நம்பினால் நம்பு. அத்தான் கொண்டுவருகிறார். அவனிடம் கொடுத்துவிடு.

அவனுக்கு நானும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ படித்துப் பார். எதையாவது தப்பாக எழுதியிருந்தால் அடித்துவிட்டு, சரியாக எழுதிக் கொடு. உனக்கு அவனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியும். அவன் முகவரியை எனக்கு எழுது. இதை நான் உன்னிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, பார்.

இனிப்பைக் குறைத்துக்கொள்.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பச்சைக் கரைச் சேலையைத்தான் கட்டினேன். எல்லோரும் நிறத்தைப் பற்றிக் கேட்டார்கள். அக்கா எடுத்தது என்றேன். அண்ணன் சொன்னபடியே பல் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரிக்கை கொடுத்தான். என்ன சொன்னான் என்று இருவருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அண்ணி அதிகம் பேசவில்லை. அந்தக் குழந்தை அத்தான் மடியை விட்டு இறங்கவில்லை. படம் எடுக்கும்போது என் இடது பக்கம் அண்ணன் நின்றான். வலது பக்கம் யாரும் நிற்கவில்லை. படம் எடுப்பவர் நெருங்கி நிற்கச் சொன்னார். அப்படியே எடுங்கள் என்றேன். உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை அக்கா. ஆனாலும் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை.

எங்கள் நிலையம் புது ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டது. எங்கள் கணினிகளின் பெயர்களுக்கு நான்தான் பொறுப்பு. நான் இல்லாத நாளில் வேலை நிற்கக் கூடாது என்று வேறொரு கட்டடத்திலும் ஒரு நகல் வைக்கச் சொன்னார் இயக்குநர். நல்ல மனுஷன்தான்.

உன் உறை வந்தது. நான் படிக்கவில்லை. ஒட்டி, அண்ணன் கையில் கொடுத்தேன். அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். என் முன்னால் பிரிக்கவில்லை. அக்கா ஏன் வரவில்லை என்று கேட்டான். அதை அவளைத்தான் கேட்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் கூடத்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முகவரி கேட்டிருந்தாய். என்னிடம் இருக்கிறது. கொடுக்கட்டுமா என்று அவனைக் கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்றான். அதனால் தர மாட்டேன். இது உனக்குக் கசக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதை எழுதி உன்னைச் சமாதானப்படுத்தலாம். எழுத மாட்டேன். அவன் எழுதினால் நேராக உனக்கு வரும். எழுதாவிட்டால் அதுவும் நேராகத்தான்.

உன்
குட்டி


ஆகஸ்டு 11

என் அன்புக் குட்டிக்கு,

நலம். முழங்காலுக்கு மருந்து போடுகிறேன்.

படம் கிடைத்தது. கடையில் மாட்டவில்லை. உள்ளே வைத்திருக்கிறேன். பல் டாக்டர் முழிக்கவில்லை, பழகிவிட்டார் போல.

ஜூலை முழுவதும் தபால்காரரைப் பார்த்தாலே எனக்குக் கை ஓடவில்லை. அவர் சைக்கிளை நிறுத்தாமல் மணி அடித்துக்கொண்டே போவார். அத்தான் டீ போட்டுக்கொண்டு வந்து வைப்பார். அந்த ஊரைப் பற்றி அவரிடம் அண்ணன் பேசியிருப்பான், கேட்டால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது.

போன வாரம் சித்தி வந்தாள். உன் தம்பி எப்படி இருக்கான் என்றாள். "எனக்குத் தெரியாது சித்தி, குட்டியைக் கேட்டுப் பாருங்க, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று அத்தானிடம் விசாரித்துவிட்டுப் போனாள்.

நேற்றுத் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். உறையில் அண்ணன் கையெழுத்து. ஓரத்தில் மைக்கறை. கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்து படித்தேன். பெரிய கடிதம் இல்லை. ஒரு பக்கம்கூட முழுதாக இல்லை.

என்ன எழுதியிருக்கிறான் என்று நீ கேட்பாய். அவனைக் கேள்.

உன்
அக்கா